பலா மரத்துக்கு ஜாமீன் நின்ன சடையப்பன்

எண்ணெய்க் கிண்ணத்தை இப்படி நகத்துங்க. கையில எண்ணெய் தடவாத யாரும் பழத்துக்கிட்ட வரக் கூடாது, சொல்லிட்டேன். பிசின் ஒட்டின கையைத் தலையில தேய்ச்சுக்கிட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழுதா நான் பொறுப்பில்ல. நான் சுளை எடுக்க எடுக்கக் கதை சொல்வேன், நீங்க "ம்" போடணும். "ம்" நின்னா சுளையும் நிக்கும். டேய் துரை, இன்னும் கதையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்னடா "ம்"?

ஒரு காலத்துல மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல பூவாயி, பூவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு மொக்கையன். ஆடு மேய்ப்பான். பூவாயி பத்து வார்த்தை பேசினா மொக்கையன் ஒரு "ம்" சொல்வான். உங்களை மாதிரி சுளைக்காகச் சொல்ற "ம்" இல்ல, மனசாரச் சொல்ற "ம்". அதனால அவங்களுக்குள்ள சண்டையே வந்தது கிடையாதாம்.

பூவாயி பொறந்த ஊரு மலைக்கு அந்தப் பக்கம். அங்க அவ ஆத்தா வீட்டு வாசல்ல ஒரு பலா மரம் நின்னுச்சு. வருக்கைப் பலா. சுளையைக் கடிச்சா மொறுக்குனு இருக்கும், தேன் மாதிரி இனிக்கும். பூவாயி கல்யாணம் முடிஞ்சு புருசன் வீட்டுக்குக் கிளம்பறப்போ ஆத்தா அதுல ஒரு பழத்தை வெட்டிக் குடுத்துச்சாம். பூவாயி வழியெல்லாம் அழுதுக்கிட்டே தின்னுக்கிட்டே வந்தா. அழுகையும் நிக்கல, தின்கிறதும் நிக்கல. வந்து சேந்ததும் இருந்ததுலயே கொழுத்த கொட்டையா ஒண்ணு எடுத்து, அன்னைக்கே வீட்டுக்குப் பின்னாடி நட்டுட்டா. பலாக்கொட்டையை நாளைக்கு, நாளான்னைக்குனு வச்சிருந்தா காய்ஞ்சு போயிரும், அப்புறம் முளைக்காது. நட்ட இடத்தை விட்டுப் பிடுங்கவும் கூடாது, ஆணிவேர் அடிபட்டா மரம் வளராம நின்னுரும்.

அந்த வருசம் ஐப்பசியில பேய்க்காத்து அடிச்சுது. ஆத்தா வீட்டு மரம் வேரோட சாஞ்சு போச்சு. பூவாயியோட அண்ணன் மலையேறி இறங்கி வந்து சேதி சொன்னான். "ஆத்தா ஒரு வாரமா சரியாச் சாப்பிடல பூவாயி. அப்புறம் அதுவாவே, 'போனா போகட்டும், அந்த ருசி எம்மக வீட்டுல முளைச்சு நிக்குதில்ல'ன்னு சொல்லிக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துச்சு."

பூவாயி என்ன சொன்னா தெரியுமா? "அண்ணே, முதல் பழம் ஆத்தாவுக்குத்தான். அதை என் கையால பிளந்து என் கையால ஊட்டுவேன். போய்ச் சொல்லு."

சொன்னா போதுமா? அந்தச் செடியைப் புள்ள மாதிரி வளத்தாளாம். காலையில அரிசி கழுவின தண்ணியை அதுக்கு ஊத்தினா. மொக்கையனோட ஆடுங்க வந்து கடிக்காம இருக்கச் சுத்தி முள்வேலி கட்டினா. கோடையில ஒரு பானை அடியில சின்னதா ஓட்டை போட்டு, துணித் திரியைச் சொருகி, வேர் பக்கத்துல புதைச்சு வச்சா. ராவும் பகலும் சொட்டுச் சொட்டாத் தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கும். ஊரே வெயில்ல காய்ஞ்சு கிடக்கும், அந்த மரத்தடி மட்டும் ஈரமா இருக்கும். கோழியெல்லாம் அங்கதான் வந்து படுக்கும்.

ஆறு வருசம் ஆச்சு. மரம் கூரைக்கு மேல போச்சு, காய்க்கல. ஏழு வருசம் ஆச்சு. மரம் நிழல் குடுத்துச்சு, காய்க்கல. எட்டு வருசம் ஆச்சு. ஆட்டுக்குத் தழை குடுத்துச்சு, அப்பவும் காய்க்கல.

வருசா வருசம் அண்ணன் வருவான். வந்து மரத்தை அண்ணாந்து பாத்துட்டு, "ஆத்தாவுக்கு இன்னும் ஒன்பது பல்லுதான் இருக்கு பூவாயி"ன்னு சொல்வான். மறு வருசம், "ஆறு பல்லு" அப்படின்னான். எட்டாவது வருசம் வந்து, "மூணு பல்லு"ன்னுட்டு உக்காந்துட்டான். சிரிக்காதீங்கடி. கூழஞ்சுளையா இருந்தா வழுக்கிக்கிட்டு உள்ள போயிரும், பல்லு வேண்டாம். இது வருக்கை. கடிச்சுத்தான் திங்கணும். பல்லெல்லாம் போன பொறவு பழம் பழுத்து என்ன பிரயோசனம்? இனிமே சும்மா இருக்கக் கூடாதுன்னு பூவாயி முடிவு பண்ணினா.

அப்ப அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. மரம் காய்க்கலைன்னா அதை மிரட்டுவாங்க. வீட்டு ஆம்பளை கோடாலியைத் தூக்கிக்கிட்டு வந்து, "காய்க்காத மரம் எதுக்கு, வெட்டப் போறேன்"னு சத்தம் போடணும். வெளியாள் ஒருத்தர் ஓடி வந்து கையைப் பிடிச்சு, "வேண்டாம்ப்பா, இந்த ஒரு வருசம் விடு, காய்ச்சிரும், நான் ஜாமீன்"னு சொல்லணும். மரம் அதைக் கேட்டுப் பயந்து காய்க்குமாம். ஒரே வீட்டுக்காரங்க ஜாமீன் நின்னா செல்லாது. காய்ச்சதும், ஜாமீன் நின்னவருக்கு ஒரு தட்டுச் சுளை குடுக்கணும். அவ்வளவுதான் அவருக்குப் பாத்தியதை.

ஜாமீனுக்கு யாரைக் கூப்பிடறது? அங்கதான் பூவாயி ஒரு தப்புப் பண்ணினா. அடுத்த வீட்டுச் சடையப்பனைக் கூப்பிட்டா.

சடையப்பன் யாருன்னா, நாப்பது மாமரம் வச்சிருந்த ஆளு. பெரிய மீசை, அதை விடப் பெரிய வாய். ஊர்ல எது நடந்தாலும் அது அவரு சொல்லி நடந்ததாத்தான் இருக்கும். மழை பெய்ஞ்சா, "நான் சொன்னேன்ல, அதான் பெய்ஞ்சுது." மாடு கன்னு போட்டா, "நான் சொன்னேன்ல, அதான் போட்டுச்சு." கோழி முட்டையில இருந்து குஞ்சு வந்தாக்கூட, "நான் சொன்னேன்ல!" நம்ம தெருவுலயும் ஒருத்தர் இருக்காரு, பேரைச் சொல்ல மாட்டேன், சிரிச்சுக் காட்டிக் குடுத்துறாதீங்க.

இவரு பேச்சுக்கு மனுசங்களே மயங்கறாங்களே, மரம் மயங்காதான்னு பூவாயி நினைச்சா. கார்த்திகை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் மரத்தடியில கூடினாங்க. மொக்கையன் கோடாலியோட வந்து நின்னான். நின்னவன் நின்னபடியே மரத்தைப் பாத்து, "வெட்டவா?"ன்னு கேட்டான்.

"கேக்காதீங்க, மிரட்டுங்க!" அப்படின்னா பூவாயி.

"வெட்டுவேன்," அப்படின்னான். மரத்தைப் பாக்கப் பாவமாப் போச்சு போல. "கொஞ்சமா," அப்படின்னான்.

நல்ல வேளை, அதுக்குள்ள சடையப்பன் மீசையை முறுக்கிக்கிட்டுப் பாஞ்சு வந்தாரு. "நிறுத்துடா மொக்கையா! இறக்குடா கோடாலியை! இந்த மரம் இந்த வருசம் காய்க்கும். காய்ச்சே தீரும். சொல்றது யாரு? சடையப்பன்! நான் ஜாமீன்!" மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்து போச்சு.

பூவாயி அதோட விட்டாளா? இல்ல. மரத்தைச் சுத்தி வட்டமாக் கொத்திவிட்டு, ஆட்டுச் சாணமும் சாம்பலும் கூடை கூடையாக் கொண்டுவந்து கொட்டினா. வாய் மிரட்டட்டும், கை செய்யறதைச் செய்யட்டும்னு நினைச்சா. அவ கெட்டிக்காரி.

தை பொறந்துச்சு. ஒரு நாள் காலையில அரிசி கழுவின தண்ணியோட போனவ, அப்படியே நின்னுட்டா. அடி மரத்துல விரல் நீளத்துக்குப் பச்சையா ஒரு பிஞ்சு. கொஞ்சம் மேல இன்னொண்ணு. வேருக்கு ஒட்டி, மண்ணுல படுத்த மாதிரி மூணாவது ஒண்ணு. பூவாயி மண்ணுல உக்காந்து அழுதா. "ஏ மரமே, எட்டு வருசமா எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?"ன்னு கேட்டா. மொக்கையன் வந்து பாத்துட்டு, "ம்!" அப்படின்னான். அன்னைக்கு அந்த "ம்" தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாம்.

மூணு காயும் பெருத்துச்சு. மாசி கடைசியில ஒரு நாள் சடையப்பன் அரிவாளோட வந்தாரு. "நான் சொன்னேன்ல, காய்ச்சுச்சு பாத்தியா! எங்க வீட்டுல இன்னைக்கு விருந்து, கறிக்கு ஒரு காய் வேணும்"னு மேல இருந்த காயை அறுத்துக்கிட்டுப் போயிட்டாரு. பூவாயி வேலி வரைக்கும் பின்னாடியே ஓடினா. ஆனாலும் ஜாமீன் நின்ன பெரிய மனுசன், இன்னும் ரெண்டு இருக்கேன்னு விட்டுட்டா.

சித்திரையில மறுபடியும் வந்தாரு. "நான் சொல்லிக் காய்ச்ச பழத்தைச் சம்பந்தி வீட்டுக்குக் காட்டணும்"னு ரெண்டாவதையும் அறுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

வைகாசி பொறந்ததும் மூணாவது தடவையா வந்தாரு. வேரடியில கிடந்த காய் அதுக்குள்ள ஆட்டுக்குட்டி அளவுக்கு ஆயிருந்துச்சு. அரிவாளைப் பாத்ததும் பூவாயி ஓடிப் போய்க் காயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. முள்ளு குத்துது, விடல.

"மாமா, இது எங்க ஆத்தாவுக்கு. எட்டு வருசத்துக்கு முன்னாடி சொன்ன சொல்லு. உங்களுக்குத் தட்டு நிறையச் சுளை தர்றேன், இதை விட்டுருங்க."

"ஏ புள்ள, எட்டு வருசமா நீ என்ன சொல்லியும் அது காய்க்கல. நான் ஒரு தடவை சொன்னேன், காய்ச்சுச்சு. அப்ப மரம் யாரு பேச்சைக் கேக்குது? யாரு பேச்சைக் கேக்குதோ அவங்க மரம். நகரு!"

"நகர மாட்டேன். ராசாகிட்டப் போவோம்."

"வா, போவோம். ராசாவே என் பேச்சைக் கேக்கறவருதான்!"

அந்தச் சீமைக்கு ஒரு ராசா இருந்தாரு. பெரிய ராசா இல்ல, ஒரே ஒரு யானை வச்சிருந்த ராசா. ஆனா நல்ல மனுசன். சடையப்பன் முதல்ல பேசினாரு. மழை, மாடு, கோழிக்குஞ்சு எல்லாத்தையும் சொல்லி முடிச்சு, கடைசியாப் பலா மரத்துக்கு வந்து, "எல்லாமே என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது ராசா" அப்படின்னாரு. ராசா பூவாயியைப் பாத்து, "நீ என்னம்மா சொல்றே?"ன்னு கேட்டாரு.

வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தவ அவ. கையைக் கட்டிக்கிட்டு, "மாமா சொல்றது வாஸ்தவமாவே இருக்கட்டும் ராசா" அப்படின்னா. மொக்கையன் "ம்"முன்னு சொல்லக்கூட மறந்து போயி அவளைப் பாத்தான்.

"ஆனா ஒண்ணு ராசா. மாமா ஒரு வார்த்தை சொன்னா மரம் காய்க்கும்னா, இந்தச் சீமையில ஒரு மரம்கூடக் காய்க்காம இருக்கக் கூடாதில்ல? எத்தனை பேரு என்னை மாதிரி மரத்தைப் பாத்து ஏங்கிக் கிடக்கறாங்க. மாமாவை எல்லா மரத்துக்கும் ஜாமீன் நிக்கச் சொல்லுங்க. ஜாமீன்னா சும்மாவா? மரம் காய்க்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குத் தினம் ஒரு கூடை பழம் மாமா குடுக்கட்டும். வேரடியில இருக்கிற காய் பழுக்க இருபது நாள் ஆகும். அதுவரைக்கும் அது மரத்துலயே இருக்கட்டும். இருபதாம் நாளும் மாமா 'மரம் என் சொல்லுக்குத்தான் காய்ச்சது'ன்னா, பழம் அவருக்கு. ஜாமீன் வேலையும் காலம் பூரா அவருக்கே."

ராசாவுக்குப் புரிஞ்சு போச்சு. சிரிப்பை அடக்கிக்கிட்டு, "சம்மதமா சடையப்பா?"ன்னு கேட்டாரு. சடையப்பன் தலையில ஒரு தலைப்பாகையையும் கட்டிவிட்டாரு.

தலைப்பாகை ஏறினதும் அந்த மனுசனுக்குப் பூமியில கால் பாவல. "ஒரு கூடை என்ன ராசா, ரெண்டு கூடை குடுக்கறேன்!" அப்படின்னாரு. கேட்டீங்களா வாயை? ஊர் ஊராத் தண்டோரா போட்டாங்க: "இதனால சகலருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, காய்க்காத மரத்துக்கெல்லாம் சடையப்பன் ஜாமீன்! மரம் காய்க்கிற வரைக்கும் தினம் ரெண்டு கூடை பழம்!"

மறுநாள் விடிஞ்சு சடையப்பன் கதவைத் திறந்தா, வாசல்ல திருவிழாக் கூட்டம்.

முதல்ல ஒரு கிழவன் வந்தான். "சாமி, என் தென்னை காய்க்கல. வந்து ஜாமீன் நில்லுங்க." போய்ப் பாத்தா, இடி விழுந்து தலையே இல்லாத தென்னை. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது, என்ன பண்றது? "காய்க்கும். நான் ஜாமீன்" அப்படின்னாரு. ரெண்டு கூடை மாம்பழம் போச்சு.

அப்புறம் ஒருத்தி வந்தா. "மாமா, என் பப்பாளி நாலு வருசமாப் பூத்துப் பூத்துக் கொட்டுது, காய்க்கல." போய்ப் பாத்தா, ஆண் பப்பாளி. அது எந்தக் காலத்துலடி காய்க்கும்? "காய்க்கும். நான் ஜாமீன்." ரெண்டு கூடை போச்சு.

அப்புறம் ஒரு குறும்புக்காரன் வந்து, தன் வீட்டுப் பந்தக்காலைக் காட்டினான். "இதுவும் ஒரு காலத்துல மாமரம்தாங்க. இப்பக் காய்க்கறதே இல்ல." சடையப்பன் மீசை துடிச்சுது. மாட்டேன்னு சொன்னா, தன் சொல்லுக்கு மரம் காய்க்காதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பந்தக்காலைத் தொட்டு, "காய்க்கும்" அப்படின்னாரு. சத்தமே வரல. ரெண்டு கூடை போச்சு.

இப்படியே அஞ்சு நாள்ல அஞ்சு மரம் காலி. பத்து நாள்ல இருபது மரம் காலி. பதினெட்டாம் நாள் நாப்பது மரமும் காலி. கிளையில அணிலுக்குக்கூட ஒரு பழம் இல்ல. சடையப்பன் பொண்டாட்டி கரண்டியோட வாசல்ல வந்து நின்னா. "நாப்பது மரம் வச்சிருந்தும் எம்புள்ளைங்க ஒரு பழம் திங்கல. வந்தவனுக்கெல்லாம் ஜாமீன் நிக்கிறீங்களே, உங்க வயித்துக்கு யாரு ஜாமீன்?" பத்தொம்பதாம் நாள் அவரு சந்தைக்குப் போயி, தன் மரத்துப் பழத்தையே அடுத்தவன்கிட்ட விலை குடுத்து வாங்கிட்டு வந்து குடுத்தாரு.

இருபதாம் நாள். பூவாயி வீட்டுப் பலா பழுத்துருச்சு. வாசனை தெருவையே தூக்குது, ஈயும் எறும்பும் ஊர்கோலமா வருது. ராசா அந்த ஒத்தை யானை மேல வந்து இறங்கினாரு. ஊரே கூடி நிக்குது. பூவாயி பழத்தை ஒட்டிப் போய் நின்னுக்கிட்டா. இந்த மனுசன் வீம்புக்குன்னு "என் சொல்லுக்குத்தான்"னுட்டா, பழம் போச்சு. மூணு பல்லுல ஒண்ணு போன வாரம் விழுந்துருச்சுன்னு அண்ணன் வேற சொல்லியனுப்பியிருந்தான்.

"சடையப்பா," அப்படின்னாரு ராசா, "இந்த மரம் யாரு சொல்லுக்குக் காய்ச்சது?"

சடையப்பன் மீசையில கை வச்சாரு. கூட்டத்துல பந்தக்கால்காரன் காலிக் கூடையோட நிக்கறதைப் பாத்தாரு. கையை எடுத்துட்டாரு.

"என் சொல்லுக்குக் காய்க்கல ராசா."

"காது கேக்கல."

"என் சொல்லுக்குக் காய்க்கல! தென்னையும் காய்க்காது, பப்பாளியும் காய்க்காது, பந்தக்கால் காய்க்கவே காய்க்காது! என்னை விட்டுருங்க!"

"அப்புறம் இது எதுக்குத்தான் காய்ச்சது?"

சடையப்பன் அந்த மரத்தடியைப் பாத்தாரு. முள்வேலியைப் பாத்தாரு. புதைச்சு வச்ச பானையைப் பாத்தாரு. சாம்பலைப் பாத்தாரு. "இந்தப் புள்ள எட்டு வருசம் தண்ணி ஊத்தினதுக்கு," அப்படின்னாரு.

ராசா அவரு தலைப்பாகையை அவிழ்த்து அவரு கையிலயே குடுத்துட்டாரு. "நீ கொண்டுபோன ரெண்டு காய்க்கு என்ன வழி? உன்கிட்ட இப்ப ஒரு பழமும் இல்லையே. பூவாயி, நீயே சொல்லும்மா."

"எங்க ஆத்தா ஊரு மலைக்கு அந்தப் பக்கம் ராசா. பழம் பெருசு. மாமா சுமந்துட்டு வரட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

தலைப்பாகைத் துணியே சும்மாடு ஆச்சு. சடையப்பன் தலையில ரெண்டு பேராத் தூக்கி வச்சாங்க. முன்னாடி பூவாயி, நடுவுல சடையப்பன், பின்னாடி மொக்கையன். மலை ஏறினாங்க, இறங்கினாங்க, மறுபடியும் ஏறி இறங்கினாங்க. முள்ளு துணியைத் தாண்டிக் குத்துது. பழுத்த பழத்தை வழியில பொத்துனு போட முடியுமா? ஈ மூக்குல உக்காருது, ஓட்ட முடியல. வழியில ஒரு வார்த்தை பேசலையாம். பொறந்ததுல இருந்து அவ்வளவு நேரம் அவரு பேசாம இருந்தது அன்னைக்குத்தான்.

ஆத்தா வாசல்லயே உக்காந்திருந்துச்சு. வாசனை வந்ததுமே எந்திரிச்சிருச்சு. பூவாயி கையில எண்ணெய் தடவிக்கிட்டு, பழத்தைப் பிளந்து, முதல் சுளையை எடுத்து ஆத்தா வாயில வச்சா. ஆத்தா அந்த ரெண்டு பல்லால மெதுவாக் கடிச்சுச்சு. எல்லாரும் மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஆத்தா கண்ணை மூடிக்கிட்டு மென்னுச்சு, மென்னுச்சு, முழுங்குச்சு.

"அதேதான்டி," அப்படின்னுச்சு. "நம்ம வாசல்ல நின்னதேதான்." தாயும் மகளும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, தின்னாங்க. அழுகையும் நிக்கல, தின்கிறதும் நிக்கல.

பூவாயி ஒரு தட்டு எடுத்து, நிறையச் சுளை வச்சு, சடையப்பன் முன்னாடி கொண்டுபோய் வச்சா. "எடுத்துக்கங்க மாமா. ஜாமீன் நின்னீங்கல்ல, வழக்கம்னு ஒண்ணு இருக்கு." அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்பத்தான் ஆத்தா அவரைக் கவனிச்சுச்சு. தலையெல்லாம் கீறல், சட்டையெல்லாம் பிசின். "நீ யாருய்யா?"ன்னு கேட்டுச்சு.

சடையப்பன் வாயைத் திறந்தாரு. பழைய பழக்கம், சும்மா விடுமா? "நான் சொன்..."னு ஆரம்பிச்சவரு, பூவாயியைப் பாத்தாரு, சுளையைப் பாத்தாரு, முழுங்கிட்டாரு.

"நான் பழத்தைச் சுமந்துட்டு வந்தவன் ஆத்தா," அப்படின்னாரு.

யாரும் கட்டாயப்படுத்தாம அவரு வாயில இருந்து வந்த முதல் நெசம் அதுதானாம். அதுக்கப்புறம் மழை பெய்ஞ்சா, அவரும் எல்லாரையும் மாதிரி நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாராம். யாரு தண்ணி ஊத்தினாங்களோ அவங்களுக்குத்தான் பழம். அடுத்தவங்க பாடுபட்டதுக்குத் தான் பேரு வாங்கறவங்க, ஒரு நாள் முள்ளைத் தலையில சுமக்கணும்.

பூவாயி பழம் அவ ஆத்தாவுக்கு, நம்ம பழம் நமக்கு, கதையைச் சுத்தி வேலி கட்டியாச்சு. கொட்டையெல்லாம் இந்தப் பக்கம் தள்ளுங்க, குழம்புக்கு ஆகும். அந்தக் கொழுத்த கொட்டையை மட்டும் விடு துரை, ஈரம் காயறதுக்குள்ள நட்டுருவோம்.